பதிவேட்டில் ஒரு பெயர்
(மகாத்மா அய்யன்காளியின் கல்வித் தொண்டு)

நுழையும் முன்

ஒரு பள்ளி இயங்குவதற்குக் கட்டடம் மட்டும் போதாது. சேர்க்கைப் பதிவேடு, வருகைப் பதிவேடு, ஆசிரியர் நியமனம், கட்டணச் சலுகை, நண்பகல் உணவு, மேற்பார்வை எனப் பல பணிகள் நாள்தோறும் ஒழுங்காக நடைபெற வேண்டும். இப்பணிகளின் பயன் தம் மக்களின் குழந்தைகளுக்கும் கிட்ட வேண்டும் என்று, எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் வாழ்நாள் முழுவதும் உழைத்தார். அவருடைய வரலாற்றை இப்பாடத்தில் அறிவோம்.

பிறப்பும் சூழலும்

திருவனந்தபுரம் கோட்டைக்குத் தெற்கே ஸ்ரீவராகம் அமைந்துள்ளது. வராகப் பெருமாள் கோயிலும் அதனை அடுத்த பெரிய குளமும் அப்பகுதியின் அடையாளங்கள். கோட்டையைச் சுற்றியுள்ள தெருக்களில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. தொழில் நாடி அண்மையில் வந்து குடியேறியோரும் உளர். ஸ்ரீவராகத்திலிருந்து கமலேசுவரம், அம்பலத்தறை, திருவல்லம் ஆகிய ஊர்களைக் கடந்து தெற்கு நோக்கிச் சென்றால், விழிஞ்ஞம் கடற்கரைக்கு அருகில் வெங்கானூர் என்னும் ஊரை அடையலாம்.

அவ்வூரில் 1863ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆம் நாள் அய்யன்காளி பிறந்தார். தந்தை பெயர் அய்யன். தாய் பெயர் மாலா. அவர்கள் புலையர் சமூகத்தைச் சேர்ந்தவர்கள். நெல்வயல்களில் உழைத்து வாழ்ந்தவர்கள். திருவிதாங்கூர் நாட்டில் அடிமை முறை 1855ஆம் ஆண்டிலேயே சட்டப்படி ஒழிக்கப்பட்டது. எனினும் அய்யன்காளி வளர்ந்த காலத்தில் அச்சமூகத்தார் பொதுச்சாலையில் தடையின்றி நடக்க இயலவில்லை. சந்தைக்குள் நுழைந்து பொருள் வாங்க இயலவில்லை. விரும்பிய உடை அணிய இயலவில்லை. அவர்தம் பிள்ளைகள் அரசுப் பள்ளியின் வாயிலைக்கூட அணுக இயலவில்லை.

இத்தனைக்கும் திருவிதாங்கூர் கல்வியில் பின்தங்கிய நாடு அன்று. குடிமக்களின் கல்விச் செலவை அரசே ஏற்க வேண்டும் என்று இராணி கௌரி பார்வதி பாய் 1817ஆம் ஆண்டிலேயே ஆணையிட்டார். அதன்பின் பள்ளிகள் பல தோன்றின. ஆயினும் அந்த ஆணையின் பயன் வயலில் உழைத்த மக்களைச் சென்று சேரவில்லை. இலண்டன் மிஷன் போன்ற சமய நிறுவனங்கள் நடத்திய பள்ளிகளே அவர்களுள் சிலருக்கு எழுத்தறிவு அளித்தன. அய்யன்காளிக்கோ பள்ளிக்குச் செல்லும் வாய்ப்பே கிட்டவில்லை. பிற்காலத்தில் தம் பெயரைக் கையொப்பமிட மட்டும் கற்றுக்கொண்டார்.

வில்லுவண்டிப் பயணம்

இளமையில் அய்யன்காளி உடல் வலிமையும் நெஞ்சுரமும் மிக்கவராக விளங்கினார். 1893ஆம் ஆண்டில் அவர் ஒரு வில்லுவண்டியை விலைக்கு வாங்கினார். வெண்ணிற வேட்டி உடுத்தி, தலைப்பாகை அணிந்து, காளைகளின் கழுத்துமணி ஒலிக்கப் பொதுச்சாலை வழியே அவ்வண்டியில் பயணம் செய்தார். எதிர்த்தவர்கள் வழிமறித்தனர், அவர் பின்வாங்கவில்லை. சாலை யாவருக்கும் பொது என்பதைச் செயலால் நிறுவிய அப்பயணம், மக்களின் மனத்தில் அச்சத்தை அகற்றித் துணிவை விதைத்தது.

அக்காலத்தில் தைக்காட்டில் அய்யாவு சுவாமிகள் என்னும் பெரியவர் வாழ்ந்து வந்தார். தமிழ்நாட்டில் பிறந்த அவர், ஆங்கிலேயர் அலுவலகமாகிய ரெசிடென்சியில் கண்காணிப்பாளராகப் பணியாற்றியவர். எல்லாச் சாதியினரையும் ஒரே பந்தியில் அமரச் செய்து உணவு படைத்தவர். அய்யன்காளி அவருடைய அன்புக்கு உரியவரானார். அய்யாவு சுவாமிகளின் தொடர்பு அய்யன்காளியின் உள்ளத்துக்கு உரமூட்டியது.

தாமே எழுப்பிய பள்ளி

சாலையில் நடக்கும் உரிமை கிடைத்தால் மட்டும் போதாது. அச்சாலை பள்ளிக்கு அழைத்துச் செல்ல வேண்டும் என்று அய்யன்காளி கருதினார். அரசுப் பள்ளிகள் கதவைத் திறக்காமையால், 1904ஆம் ஆண்டில் வெங்கானூரில் தாமே ஒரு சிறு குடிப்பள்ளியை அமைத்தார். ஓலைக் கூரையும் மண் தரையும் கொண்ட அப்பள்ளியை எதிரிகள் தீயிட்டு அழித்தனர். மக்கள் மீண்டும் கட்டினர்.

தனி ஒருவரின் முயற்சியால் பள்ளிகளை நிலைநிறுத்த இயலாது என்பதை அய்யன்காளி உணர்ந்தார். எனவே 1907ஆம் ஆண்டில் சாது ஜன பரிபாலன சங்கத்தைத் தோற்றுவித்தார். கல்வி பெறுதல், ஒன்றுகூடி முடிவெடுத்தல், தூய்மை பேணுதல், அரசுக்கு முறைப்படி விண்ணப்பம் அளித்தல் ஆகியவற்றைச் சங்கம் மக்களுக்குக் கற்பித்தது. எழுதத் தெரியாத தலைவர், எழுதத் தெரிந்தவர்களைக் கொண்டு விண்ணப்பங்களை எழுதுவித்தார்.

வயலில் விளைந்த அறப்போர்

எல்லாச் சிறுவரையும் பள்ளியில் சேர்க்கலாம் என்று அரசு இசைந்த பின்னரும் நிலைமை மாறவில்லை. ஆணை அலுவலகத்துக் கட்டுகளில் உறங்கியது. அதிகாரிகள் அதனைச் செயற்படுத்தவில்லை. பள்ளி வாயிலில் நின்ற பெற்றோருக்கு இடமில்லை என்ற மறுமொழியே கிடைத்தது.

அய்யன்காளி தம் மக்களிடம் இருந்த ஒரே ஆற்றலைக் கையில் எடுத்தார். அது அவர்களுடைய உழைப்பு. பிள்ளைகளுக்குப் பள்ளியில் இடம் கிடைக்கும்வரை வயலில் இறங்குவதில்லை என்று உழவுத் தொழிலாளர்கள் முடிவு செய்தனர். பள்ளிச் சேர்க்கையோடு, முறையான கூலி, வார ஓய்வு, காரணமின்றி அடிக்கப்படாமை ஆகியனவும் அவர்களுடைய கோரிக்கைகளில் இடம்பெற்றன. உழவு நின்றது, நாற்று நடுதல் நின்றது, வயல்களில் களை மண்டியது. சேற்றில் இறங்கிப் பழகாத நிலவுடைமையாளர் சிலர் தாமே நடவுசெய்ய முயன்று தோற்றனர்.

கூலி இல்லையேல் உணவு இல்லை என்ற நிலையில் வாழ்ந்தவர்கள் அத்தொழிலாளர்கள். அவர்களைப் பட்டினி பணியவைக்கும் என்று எதிர்தரப்பினர் எண்ணினர். ஆனால் அய்யன்காளி விழிஞ்ஞத்து மீனவர்களின் உதவியை நாடினார். வேலைநிறுத்தம் செய்த குடும்பங்களிலிருந்து ஆட்களைத் தம் படகுகளில் மீன்பிடிக்க அழைத்துச் செல்ல மீனவர்கள் இசைந்தனர். கடலின் கொடை வயலின் உரிமைப் போருக்குத் துணை நின்றது. ஏறத்தாழ ஓராண்டு நீடித்த அப்போராட்டம், நீதிபதியாகிய கண்டலை நாகம் பிள்ளையின் நடுவுநிலை முயற்சியால் முடிவுக்கு வந்தது. கல்விக்காக உழவுத் தொழிலாளர்கள் நடத்திய இவ்வேலைநிறுத்தம் இந்திய வரலாற்றில் அரிய நிகழ்ச்சியாகப் போற்றப்படுகிறது.

கருகிய பலகை

1910ஆம் ஆண்டில் அரசின் ஆணை உறுதி பெற்றது. அப்போது திவானாக இருந்தவர் பி. இராஜகோபாலாச்சாரி, கல்வித்துறை இயக்குநராக இருந்தவர் மிச்செல் என்னும் ஆங்கிலேயர். ஒடுக்கப்பட்டோரின் பிள்ளைகளையும் அரசுப் பள்ளிகளில் சேர்க்க வேண்டும் என்பதில் அவர்கள் உறுதியாக நின்றனர். எதிர்ப்போ கடுமையாக எழுந்தது. மக்கள் உரிமைக்காக அஞ்சாமல் எழுதி வந்த புகழ்பெற்ற பத்திரிகை ஆசிரியர் ஒருவரே இரு பிரிவுப் பிள்ளைகளையும் ஒன்றாக அமரச் செய்வது தகாது என்று எழுதினார். கற்றறிந்தவர்க்கும் சில வேளைகளில் கண் மறைந்துவிடுகிறது என்பதற்கு இது சான்று.

ஆணையைக் கையில் கொண்டு அய்யன்காளி, பாலராமபுரத்தை அடுத்த ஊரூட்டம்பலம் என்னும் ஊரின் அரசுப் பள்ளிக்குச் சென்றார். பஞ்சமி என்னும் சிறுமியைப் பள்ளியில் சேர்ப்பதே அவர் நோக்கம். தலைமையாசிரியர் சேர்க்க மறுத்தார். அய்யன்காளி அச்சிறுமியை வகுப்பறைக்குள் அழைத்துச் சென்று பலகையில் அமர்த்தினார். உடனே மற்றப் பிள்ளைகள் வெளியேற்றப்பட்டனர். கலகம் மூண்டது. பள்ளிக்குத் தீயிடப்பட்டது.

பஞ்சமியின் படிப்பு அங்குத் தொடரவில்லை. ஆனால் அத்தீயில் முழுவதும் எரியாமல் எஞ்சிய பலகை ஒன்று அப்பள்ளியில் இன்றும் பாதுகாக்கப்படுகிறது. கேரள அரசு அண்மையில் அப்பள்ளிக்கு அய்யன்காளி, பஞ்சமி ஆகிய இருவர் பெயரையும் சூட்டியுள்ளது. ஒரு தலைவரின் பெயரோடு ஒரு மாணவியின் பெயரும் இணைந்து நிற்பது பொருத்தமே. அன்று அப்பலகையில் அமர்வதற்குத் தலைவரின் துணிவு மட்டும் போதுமானதாக இருக்கவில்லை. சிறுமியின் துணிவும் வேண்டியிருந்தது.

அவையில் ஒலித்த குரல்

திருவிதாங்கூரில் மக்கள் தம் குறைகளை அரசுக்கு எடுத்துரைக்க 1904ஆம் ஆண்டில் ஸ்ரீமூலம் பிரஜா சபை ஏற்படுத்தப்பட்டது. 1911ஆம் ஆண்டின் இறுதியில் அய்யன்காளி அதன் உறுப்பினராக நியமிக்கப்பட்டார். தெருவில் நடக்கத் தடுக்கப்பட்ட ஒருவர், திவானின் முன்னிலையில் இருக்கையில் அமர்ந்து பேசினார். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அவர் அப்பொறுப்பில் தொடர்ந்தார்.

அவையில் அவர் எழுப்பிய கோரிக்கைகள் எளியவை, ஆனால் இன்றியமையாதவை. ஆணை இருந்தும் பிள்ளைகளைச் சேர்க்க மறுக்கும் பள்ளிகளைப் பற்றிச் சொன்னார். கட்டணம் செலுத்த இயலாத பிள்ளைகளுக்குச் சலுகை கேட்டார். பசியோடு வரும் பிள்ளைகளுக்கு நண்பகல் உணவு கேட்டார். படித்து முடித்தவர்களுக்கு அரசுப் பணி கேட்டார். நிலமற்றவர்களுக்கு நிலம் கேட்டார். வீடும் உணவும் உறுதியாக இல்லாத குடும்பம் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவது அரிது என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார்.

பெரிய கொள்கைகளைப் பற்றிப் பேசுவது எளிது. எந்தப் பள்ளியில், எத்தனை பிள்ளைகள், எவர் தடுத்தார், எவர் கற்பிப்பார் என்று கேட்பதே கடினம். அவ்வினாக்களுக்கு விடை சொல்லும்போதுதான் ஆணை பள்ளியாக மாறுகிறது. அய்யன்காளி ஆண்டுதோறும் அவ்வினாக்களையே கேட்டார்.

ஆசிரியரைத் தேடிய பள்ளி

வெங்கானூரில் அய்யன்காளி தொடங்கிய பள்ளியை அரசு ஏற்றுக்கொள்ள இசைந்தது. புதியதோர் இடர் தோன்றியது. அங்குக் கற்பிக்க எவரும் முன்வரவில்லை. அப்பிள்ளைகளுக்குக் கற்பித்தால் உறவினரும் ஊராரும் விலக்கிவைப்பர் என்று ஆசிரியர்கள் அஞ்சினர்.

இறுதியில் திருவனந்தபுரம் கைதமுக்கைச் சேர்ந்த பரமேசுவரன் பிள்ளை என்பவர் முன்வந்தார். கைதமுக்கு, ஸ்ரீவராகத்திலிருந்து தொலைவில் உள்ள இடம் அன்று. கோட்டையின் மறுபுறம் அமைந்துள்ளது. 1914ஆம் ஆண்டில் அவர் வெங்கானூர் பள்ளியில் பணியைத் தொடங்கினார். முதல் நாளிலேயே எதிர்ப்பாளர்கள் கூச்சலிட்டு அச்சுறுத்தினர். அவர் பள்ளிக்கு வரும்போதும் திரும்பும்போதும் துணைக்கு ஆட்களை அனுப்ப அய்யன்காளி ஏற்பாடு செய்தார். அந்த ஆசிரியர் பெரும் மேடைகளில் பேசியவர் அல்லர். காலையில் வந்தார், பெயர்களை அழைத்தார், எழுத்துகளைக் கற்பித்தார், மறுநாளும் வந்தார். ஒவ்வொரு நாளும் தவறாது வந்ததே அவர் ஆற்றிய அருஞ்செயல்.

இத்தகைய போராட்டம் நம் நாட்டில் மட்டும் நிகழவில்லை. அமெரிக்காவில் கறுப்பினப் பிள்ளைகளுக்கும் வெள்ளையினப் பிள்ளைகளுக்கும் தனித்தனி அரசுப் பள்ளிகள் நடத்துவது சட்டத்துக்கு மாறானது என்று 1954ஆம் ஆண்டில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும் அப்பள்ளிகளை நிருவகித்த உள்ளூர்க் கல்வி வாரியங்கள் பல, தீர்ப்பைச் செயற்படுத்தாமல் காலம் தாழ்த்தின. 1960ஆம் ஆண்டில் நியூ ஆர்லியன்சு நகரில் ரூபி பிரிட்ஜஸ் என்னும் ஆறு வயதுச் சிறுமி, அரசுக் காவலர் சூழப் பள்ளிக்குச் சென்றாள். மற்றப் பெற்றோர் தம் பிள்ளைகளை அவள் வகுப்பிலிருந்து அழைத்துச் சென்றனர். பார்பரா ஹென்றி என்னும் ஆசிரியை, ஏறத்தாழ ஓராண்டுக்காலம் அச்சிறுமி ஒருத்திக்கு மட்டும் வகுப்பெடுத்தார். ஊரூட்டம்பலத்துக்கும் நியூ ஆர்லியன்சுக்கும் இடையே கடல்கள் உள்ளன. அரை நூற்றாண்டுக் கால இடைவெளி உள்ளது. எனினும் வெறுமையாகிய வகுப்பறையும், அதில் அமர்ந்த சிறுமியின் உறுதியும் ஒன்றே.

இறுதி ஆண்டுகள்

1936ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் திருவிதாங்கூர் மன்னர், கோயில்கள் அனைவருக்கும் திறந்துவிடப்படும் என்று அறிவித்தார். அடுத்த ஆண்டு சனவரியில் திருவிதாங்கூருக்கு வந்த காந்தியடிகள் வெங்கானூருக்குச் சென்று அய்யன்காளியைக் கண்டார். தாம் கண்மூடுவதற்குள் தம் சமூகத்தில் பத்துப் பட்டதாரிகளையேனும் காண வேண்டும் என்பதே அய்யன்காளி வெளியிட்ட விருப்பம். பொன்னும் பொருளும் அவர் கேட்கவில்லை.

1941ஆம் ஆண்டு சூன் 18ஆம் நாள் அய்யன்காளி மறைந்தார். 1980ஆம் ஆண்டில் அன்றைய பிரதமர் இந்திரா காந்தி, திருவனந்தபுரம் வெள்ளையம்பலத்தில் அவருடைய சிலையைத் திறந்து வைத்தார். நகரின் நடுவே உள்ள விக்டோரியா ஜூபிலி நகர மண்டபம் 2019ஆம் ஆண்டில் அய்யன்காளி மண்டபம் என்று பெயர் மாற்றப்பட்டது. அவர் பிரஜா சபையில் உரையாற்றிய இடம் அதுவே.

இன்றைய பள்ளி

சூன் மாதம் மழையோடு கேரளத்துப் பள்ளிகள் திறக்கின்றன. புதிதாகச் சேரும் பிள்ளைகளை வரவேற்க விழா நடைபெறுகிறது. ஆறாம் வேலைநாளில் ஒவ்வொரு பள்ளியிலும் மாணவர் எண்ணிக்கை கணக்கெடுக்கப்படுகிறது. அந்த எண்ணிக்கையைக் கொண்டே அப்பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் தேவை என்பது முடிவாகிறது. வருகைப் பதிவேட்டில் உள்ள ஒரு பெயர் வெறும் எழுத்து அன்று. அது ஓர் ஆசிரியரை அழைத்து வருகிறது. ஒரு தட்டு உணவையும் ஒரு பாடநூலையும் கொண்டு வருகிறது.

இந்தியாவில் 6 முதல் 14 வயது வரையுள்ள அனைவருக்கும் இலவசக் கட்டாயக் கல்வி வழங்கும் சட்டம் 2010ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. பிற மாநிலத்திலிருந்து பெற்றோருடன் இடம்பெயர்ந்து வரும் பிள்ளைகளுக்கும் அச்சட்டம் துணை நிற்கிறது. பழைய பள்ளியின் மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமானாலும், வயதுச் சான்று கையில் இல்லாவிட்டாலும், அதைக் காரணம் காட்டி எந்தப் பிள்ளைக்கும் சேர்க்கையை மறுத்தல் கூடாது. கட்டடப் பணிக்காகவும் கடைப் பணிக்காகவும் ஊர்விட்டு ஊர் வரும் குடும்பங்கள் இதனை அறிந்திருத்தல் வேண்டும். அறியாதவருக்கு அறிந்தவர் எடுத்துச் சொல்லுதல் வேண்டும்.

மாணவர்களே, நாளை உங்கள் வகுப்பில் ஆசிரியர் உங்கள் பெயரை அழைப்பார். நீங்கள் விடையளிப்பீர்கள். ஒரு நொடியில் முடிந்துவிடும் அந்நிகழ்ச்சிக்காக ஓராண்டுக்காலம் வயல்கள் உழவின்றிக் கிடந்தன என்பதை நினைவில் கொள்ளுங்கள். உங்கள் தெருவில் பள்ளிக்குச் செல்லாத பிள்ளை எவரேனும் உண்டாயின், அப்பிள்ளையின் பெயரும் பதிவேட்டில் ஏற உங்கள் பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் தெரிவியுங்கள்.

சொல்லும் பொருளும்

இசைதல் – உடன்படுதல்
உரம் – வலிமை
கட்டு – கோப்புகளின் தொகுதி
குடிப்பள்ளி – ஊரார் தாமே நடத்தும் சிறு பள்ளி
திவான் – மன்னரின் முதன்மை அமைச்சர்
வில்லுவண்டி – வில் போன்ற இரும்புப் பட்டைகள் பொருத்திய மாட்டுவண்டி
இன்றியமையாதது – இல்லாமல் முடியாதது

பயிற்சிகள்

அ. கோடிட்ட இடத்தை நிரப்புக.
1. அய்யன்காளி பிறந்த ஊர் ____________.
2. சாது ஜன பரிபாலன சங்கம் ____________ஆம் ஆண்டில் தோற்றுவிக்கப்பட்டது.
3. வெங்கானூர் பள்ளியில் கற்பிக்க முன்வந்தவர் ____________.

ஆ. ஓரிரு தொடர்களில் விடை தருக.
1. 1817ஆம் ஆண்டு ஆணை யாது?
2. வேலைநிறுத்தக் காலத்தில் மீனவர்கள் எவ்வாறு உதவினர்?
3. ஆறாம் வேலைநாளில் மாணவர் எண்ணிக்கை கணக்கெடுக்கப்படுவது எதற்காக?

இ. சிந்தித்து எழுதுக.
1. ஆணை இருந்தும் பிள்ளைகள் பள்ளியில் சேர இயலாமற் போனது ஏன்?
2. பஞ்சமி, ரூபி பிரிட்ஜஸ் ஆகிய இருவர் வாழ்விலும் காணும் ஒற்றுமை வேற்றுமைகளை எழுதுக.
3. பரமேசுவரன் பிள்ளை ஆற்றியது அருஞ்செயல் எனப்படுவது ஏன்?

ஈ. பிரித்து எழுதுக.
1. பொதுச்சாலை 2. நெஞ்சுரம் 3. தலைமையாசிரியர் 4. கையொப்பம்

உ. செயல்பாடு
உங்கள் பள்ளியின் அலுவலகத்தில் பேணப்படும் பதிவேடுகள் எவை என்று ஆசிரியரிடம் கேட்டு அறிக. அவற்றுள் மூன்றைத் தேர்ந்து, ஒவ்வொன்றும் மாணவருக்கு எவ்வாறு பயன்படுகிறது என்பதை இரண்டு தொடர்களில் எழுதி வகுப்பில் படித்துக் காட்டுக.